துறைப் பாதையும் சனிக்கிழமைச் சாப்பாடும்

வாருங்கள், வந்து இந்த மூலையில் நின்று பாருங்கள்! சாம்ப்ரெல் ஊரின் தேவாலயத்துக்குப் பின்னால், கல்லறைத் தோட்டத்தின் சுவர் முடிகிற இடம் இது. இங்கே ஒரு பாதை இருந்தது. துணி துவைக்கும் துறைக்குக் கூடை சுமந்த பெண்கள் இறங்கிய பாதை. ஆலைக்குத் தானியம் போன பாதை. பள்ளிக்குப் பிள்ளைகள் போன பாதை. இன்று அதன் வாயில் பச்சைச் சாயம் பூசிய இரும்புக் கதவு நிற்கிறது. கதவில் அழகான எழுத்தில் ஒரு பலகை: "தனியார் ஓட்டத் தடம். விருந்தினருக்கு மட்டும்." ஓடுவதற்கு இரண்டு கால் போதாதாம், முன்பதிவும் வேண்டுமாம்! பூட்டியவன் யார் என்று கேட்கிறீர்கள். பூட்டியவன் ஒருவன். பூட்ட விட்டவர்கள் முந்நூறு பேர். அவனைப் பழிக்க எல்லோரும் இருக்கிறார்கள். இது அந்த முந்நூறு பேரின் கதை. அவர்களோடு மோதிய ஒருத்தியின் கதை.

கிஸ்லேன் பெய்ரதோவுக்கு நாற்பத்தெட்டு வயது. வீடு வீடாகக் காரில் போய், எழுந்து நடக்க முடியாதவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, காலுறை மாட்டிவிடுவது அவள் தொழில். நாள் முழுதும் அடுத்தவர் உடம்பைத் தூக்கித் தூக்கித் தன் உடம்பை மறந்து போனவள், நாற்பத்தொன்றாம் வயதில் ஓடத் தொடங்கினாள். முதல் வாரம் மாவட்டச் சாலையில்தான் ஓடினாள். மரம் ஏற்றிய லாரி ஒன்று, வளைவில் அவள் முழங்கையைக் கண்ணாடியால் உரசிக்கொண்டு போனது. ஓட்டுநர் தலையை நீட்டி, "ஏம்மா, ஓடினா மட்டும் இளைச்சிடுவியா?" என்று கத்தினான். மறுநாள் அவள் துறைப் பாதையில் இறங்கினாள். அதற்குப் பிறகு ஏழு ஆண்டுகள், அவள் காலை நேரம் அந்தப் பாதையின் சொத்து. அந்தப் பாதை போனால் அவளுக்கு மிச்சமிருப்பது லாரிச் சாலை. அல்லது ஓடாமல் வீட்டில் உட்காருவது.

அந்தப் பாதையை அவள் பாதங்கள் மனப்பாடம் செய்திருந்தன. சுவரைத் தாண்டியதும் செங்குத்தாக இறங்கும். அங்கே காலடியைக் குறுக்க வேண்டும். துறையின் ஓரத்தில் ஆகஸ்ட் மாதத்திலும் சேறு இருக்கும். இடப்பக்கம் ஒதுங்க வேண்டும். பிறகு முக்கால் கிலோமீட்டர், இரு பக்கமும் செஸ்ட்நட் மரங்கள் கிளை கோத்து நிற்கும். வெர்னெத் ஆற்றைக் கடக்க ஏழு கற்கள். ஐந்தாவது கல் ஆடும். அக்கரை ஏற்றத்தில் விவசாயி மார்சியாலின் செம்பழுப்பு மாடுகள் வேலியோரம் வந்து, ஓடுபவளை ஒரு மாதிரியாகப் பார்க்கும். ஏறி முடித்தால் பதினொரு கிராமங்களின் கூரைகள் தெரியும். வியாழக்கிழமைகளில் ஐந்து பெண்கள் அவளோடு சேர்ந்து ஓடுவார்கள். பெருமை தாங்காமல், ஓட்டக்காரர்கள் தங்கள் வழித்தடங்களைப் பகிரும் இணையப் பக்கம் ஒன்றில் அவள் எழுதினாள்: "காலை ஏழு மணிக்கு ஓடுங்கள். மரங்களுக்கிடையே வெளிச்சம் உங்களுக்கு முன்னால் ஓடும்."

அந்த ஒரு வரி, எலிப்பொறியில் வைத்த பாலாடைக்கட்டி ஆயிற்று. வந்து சேர்ந்தது பாரிஸ் நகரத்து எலி.

எத்வார் தெ மொர்லாக் என்பது அவர் பெயர். ஆற்றங்கரை மாளிகையை வாங்கினார். வாரக்கடைசிக்கு அறுநூறு யூரோ வாங்கிக்கொண்டு, நகரத்துச் சீமான்களுக்கு மூச்சுவிடக் கற்றுக்கொடுத்தார். ஆம், பிறந்த குழந்தை யாரும் சொல்லாமல் செய்கிற அதே காரியத்தை! மணிக்கட்டில் கடிகாரம், நெஞ்சில் பட்டை, இடுப்பில் தண்ணீர்க் குப்பி என்று போருக்குப் போகும் குதிரைகள் போல அவர்கள் ஓடினார்கள். மொர்லாக் அச்சிட்ட விளம்பர வண்ணத்தாளில் கிஸ்லேனின் வரி அப்படியே இருந்தது. அவள் பெயர் மட்டும் இல்லை. "உள்ளூர் ஓட்டக்காரர்கள் நாள்தோறும் ஓடி நேசிக்கும் தடம்" என்றும் ஒரு வரி இருந்தது. அந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதை அச்சிட்டவர் மறந்துவிட்டார்.

எதிரில் யாராவது உள்ளூர்க்காரர் வந்தால் விருந்தினரின் அமைதி கெடுகிறதாம். ஆகவே பாதையையே விலைக்குக் கேட்டார். மக்கள் நடக்காமல் கைவிட்ட பாதையை மட்டுமே ஊர்மன்றம் விற்கலாம். அதற்கும் முன்னால் பொது விசாரணை நடத்த வேண்டும். ஊரார் வந்து குறிப்பேட்டில் தங்கள் கருத்தை எழுதலாம். சட்டம் இவ்வளவு தெளிவு. சட்டத்தைவிடத் தெளிவானவர் மேயர் லமோத். ஜூன் மாதம் சாலைப் பணியாளர் ஃபிர்மேனைக் கூப்பிட்டு, "இந்த வருசம் துறைப் பாதையில கத்தி வைக்காதே. பறவைங்க கூடு கட்டுது" என்றார். பறவைகள் மீது அவருக்குத் திடீர்ப் பாசம்! இரண்டே மாதத்தில் முட்செடி இடுப்பளவு வளர்ந்தது. விசாரணை ஆகஸ்டில் வைக்கப்பட்டது. பாதி ஊர் கடற்கரையில், மீதி ஊர் அறுவடையில். அறிவிப்பு, வேட்டைச் சங்கத்தின் விருந்து அழைப்புக்கும் காணாமல் போன பூனையின் படத்துக்கும் நடுவே ஒட்டப்பட்டது. பூனையை எல்லோரும் தேடினார்கள்.

ஆகஸ்ட் பதினைந்து, மாதா திருநாள் ஓட்டம். வெல்பவருக்கு உப்பிட்டு உலர்த்திய ஒரு முழுப் பன்றித்தொடை பரிசு. ஐம்பது ஆண்டுகளாகத் துறைப் பாதையில் நடந்த ஓட்டத்தை, "பாதுகாப்புக்காக" என்று சொல்லி மேயர் தார்ச்சாலைக்கு மாற்றினார். முட்செடியிலிருந்து காப்பாற்றி லாரியிடம் ஒப்படைக்கும் பாதுகாப்பு! ஒருவராவது வாய் திறந்தார்களா? பன்றித்தொடை இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்றதும் சட்டையில் ஓட்ட எண் அட்டையைக் குத்திக்கொண்டார்கள். தொண்ணூற்று நான்கு பேர் சாலையில் திரும்பினார்கள். கிஸ்லேன் ஒருத்தி மட்டும் பழைய வழியில் இறங்கினாள்.

முட்கள் தொடையைக் கீற, கால்களில் ரத்தக்கோடுகளோடு அவள் கடைசியாக முடிவுக்கோட்டுக்கு வந்தபோது, மேயர் ஒலிபெருக்கியில், "மதாம் பெய்ரதோ வழி தவறிட்டாங்க போலிருக்கு! யாராவது ஒரு வரைபடம் வாங்கிக் கொடுங்கப்பா!" என்றார். ஊர் சிரித்தது. சிரித்தவர்களில் அவளோடு வியாழக்கிழமை ஓடும் இருவரும் உண்டு. அவர்கள் கையில் ஆவி பறக்கும் உருளைக்கிழங்குப் பை இருந்தது.

ஊர்மன்றச் செயலாளர் நதேஜ் மட்டும், காயத்துக்குப் பஞ்சு கொண்டு வருவது போல் அருகில் வந்தாள்.

"கிஸ்லேன், குறிப்பேட்ல ஒரு எழுத்துகூட இல்லடி. வர்ற சனிக்கிழமை பன்னண்டு மணியோட விசாரணை முடியுது. யாருமே எழுதலன்னா, யாருமே நடக்கலன்னு அர்த்தம்."

"எந்தக் குறிப்பேடு?"

"பாத்தியா? நீயே இப்படிக் கேக்குற."

அந்தச் சொல், முள்ளைவிட ஆழமாகக் கீறியது. தினம் இருமுறை அறிவிப்புப் பலகையைத் தாண்டிப் போனவள் அவள். அந்தப் பாதையை யாரும் எடுத்துக்கொள்ள முடியும் என்ற எண்ணமே அவளுக்குத் தோன்றியதில்லை. நாள்தோறும் நடக்கிறவனுக்கு, நடக்கிறேன் என்று எழுதிக் கொடுக்கத் தோன்றாது. நடக்காதவனுக்குத்தான் தோன்றும்!

அந்த வாரம் முழுதும் அவள் வீடு வீடாகச் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள். "சனிக்கிழமை விசாரணை அதிகாரியே நேர்ல வர்றாராமே, அவர்கிட்டயே சொல்லிடறோம்" என்றார்கள்.

சனிக்கிழமை காலை அவள் வீட்டு வேலைகளை முடித்துவிட்டு ஊர்மன்றத்துக்குப் போனபோது மணி பதினொன்று. விசாரணை அதிகாரி தெலாஜ், ஓய்வு பெற்ற நில அளவையாளர். ஒரு காப்பிக் குடுவை, மூன்று பேனாக்கள், சலிப்பு முகம். குறிப்பேட்டில் இரண்டே பதிவுகள். ஒன்று மேயரின் தம்பியுடையது: "நல்ல திட்டம்." மற்றது மொர்லாக்கின் கடிதம்: "இந்தப் பாதையில் பத்தாண்டுகளாக ஒரு மனிதக் கால்கூடப் பதிந்ததில்லை."

கிஸ்லேன் எழுதினாள். எழுதி முடித்து, மொர்லாக்கின் கடிதத்துக்குப் பக்கத்தில், தான் கொண்டு வந்திருந்த அவருடைய வண்ணத்தாளையே ஒட்டினாள். "நாள்தோறும் ஓடி நேசிக்கும் தடம்" என்ற வரியின் கீழ் கோடு போட்டாள்.

தெலாஜ் கண்ணாடியை மாட்டிப் படித்தார். முதல் முறையாகச் சலிப்பு கலைந்தது. "கால் பதியாத இடத்துல நாள்தோறும் ஓடுறாங்களா? பறந்தாங்களோ என்னமோ."

"அப்ப போதும்தானே, முசியே?"

"போதாது, மதாம். இவர் பொய் சொல்றார்ங்கிறதுக்கு இது சாட்சி. ஊர் நடக்குதுங்கிறதுக்கு ஊர்தான் சாட்சி சொல்லணும். ஒருத்தர் எழுதினா அது மனக்குறை. நாப்பது பேர் எழுதினா அது பாதை." அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னண்டு அடிச்சதும் நான் கோடு போட்டு மூடிடணும். அப்புறம் சாமியே வந்தாலும் எழுத முடியாது."

மணி பதினொன்று இருபது. சதுக்கத்தின் எதிர்ப்புறம் ரொலாந்தின் மதுக்கடை. இடையில் நாற்பது காலடி.

சனிக்கிழமை, சாப்பாட்டுக்கு முந்தைய வேளை. சோம்பு மணக்கும் பாஸ்தீஸ் மதுக் கோப்பைகளில் தண்ணீர் விழுந்து பால் நிறமாகிக்கொண்டிருந்தது. இருபது பேர் இருந்தார்கள். இருபது பேரும் மொர்லாக்கைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள். ஆகா, என்ன வீரம்! என்ன வசை! மார்சியால் மேசையைக் குத்தினான்.

"அந்தப் பாரிஸ்காரனை அஞ்சாவது கல்லு மேல நிக்க வச்சு ஆத்துல தள்றேனா இல்லையா பாரு!"

"தள்றதெல்லாம் அப்புறம்" என்றாள் கிஸ்லேன், வாசலிலிருந்தே. "எந்திரி. ரெண்டு வரி எழுதிட்டு வந்து மிச்சத்தைக் குடி. எல்லாரும் எந்திரிங்க. பன்னண்டுக்கு மூடிடுவாங்க."

"இப்பவா?"

"இல்ல, அடுத்த பிறவியில!"

"கிஸ்லேன், என் வீட்டுல ஆட்டுத்தொடை அடுப்புல இருக்கு. பன்னண்டுக்கு எடுப்பா என் பொண்டாட்டி. ஆறிப்போச்சுன்னா அதை மாடு கூடத் திங்காது."

"பாதை போயிடுச்சுன்னா?"

"பாதை எங்க போயிடும்? பாட்டன் காலத்துலேருந்து அங்கேயேதான் கெடக்கு. சாப்ட்டு ரெண்டு மணிக்கு நேரா வரேன். வந்து ஒரு பக்கம் எழுதறேன்."

"ரெண்டு மணிக்கு அங்க கதவுதான் இருக்கும். அது மேலயா எழுதப் போற?"

சிரிப்பு எழுந்தது. சிரித்தார்கள், எழவில்லை.

ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் அர்பேன் விரலை உயர்த்தினார். "அரசு ஆவணத்துல எழுதறதுன்னா அவசரப்பட்டு எழுதக்கூடாதும்மா. வரலாற்று ஆதாரத்தோட எழுதணும். சாப்ட்டுட்டு உக்காந்து நாலு பக்கம் தயார் பண்றேன்."

"ஐயா, உங்க பேரும் 'நடக்கிறேன்'ங்கிற ஒரு சொல்லும் போதும்."

"ஒரு சொல்லா? என்னையா?" என்றார் அவர், அவமதிக்கப்பட்டவர் போல.

மூலையிலிருந்து ஒருவன் சொன்னான்: "லமோத் என் மச்சினன். நான் எழுதினா கிறிஸ்துமஸ் விருந்துல அவன் எதிர்ல எப்படிம்மா உக்கார்றது?"

"உக்காராதே. நின்னுக்கிட்டே தின்னு!"

கேளுங்கள் இந்தக் கணக்கை! ஒருவனுக்கு ஆட்டுத்தொடை, ஒருவருக்கு நான்கு பக்கம், ஒருவனுக்கு மச்சினன். பயம் ஒன்றுதான், அது உடுத்தி வந்த சட்டைகள் வேறு வேறு. கொடுங்கோலன் ஒருவன் குதிரையில் வந்து இவர்களை அடிமையாக்கினானா? இல்லை. பன்னிரண்டு மணிச் சோறு அடிமையாக்கியது! புரட்சியைப் பற்றிப் பாட்டுப் பாடும் நாடு. கோட்டையை இடித்த நாளில் பட்டாசு வெடிக்கும் ஊர். நாற்பது காலடி நடக்க வக்கில்லை.

இவர்களின் தாயைக் குளிப்பாட்டியவள் கிஸ்லேன். இவர்களின் தகப்பனுக்குக் காலுறை மாட்டியவள். அவள் அதைச் சொல்லவில்லை. சொன்னால் எழுந்திருப்பார்கள், அவளுக்காக எழுந்திருப்பார்கள். பாதைக்காக எழ வேண்டும் என்று அவள் விரும்பினாள். அது அவளுடைய கர்வம்.

கடைக்கோடியில் ஒரு கோப்பை மெல்ல வைக்கப்பட்டது. ஃபிர்மேன்.

"எல்லாரையும் கேட்ட. என்னை மட்டும் ஏன் கேக்கல?"

"நீ மேயர் கையில சம்பளம் வாங்குறவன். உன் வேலை போயிடும்."

"அதை முடிவு பண்ண வேண்டியவன் நானா, நீயா?" அவன் தொப்பியை எடுத்தான். "இருபத்தாறு வருசமா அந்த முள்ளு என் கையைக் கிழிச்சிருக்கு. இந்தக் கூட்டத்துல ஒருத்தன் கை கிழிஞ்சிருக்கா, கேளு."

யாரும் கேட்கவில்லை. கடைக்காரி ரொலாந்த், இடுப்பில் கட்டியிருந்த வேலைத்துணியின் முடிச்சை அவிழ்த்தாள்.

"நானும் வரேன். வேணும்னா நீங்களே ஊத்திக்கங்க. யாரு எவ்வளவு ஊத்துவீங்கன்னு எனக்குத் தெரியும்."

"ரொலாந்த், கடையை இப்படி விட்டுட்டா?" என்று மார்சியால் பதறினான். பாதை போகும்போது வராத பதற்றம்.

மூவரும் சதுக்கத்தைக் கடந்தார்கள். ஃபிர்மேன் பேனாவை மண்வெட்டி போலப் பிடித்து எழுதினான்: "இருபத்தாறு ஆண்டுகளாக ஒவ்வொரு ஜூனிலும் ஊர்மன்றத்தின் உத்தரவுப்படி இந்தப் பாதையை வெட்டினேன். இந்த ஆண்டு வெட்டாதே என்று மேயர் சொன்னார்." தெலாஜ் அதை இரண்டு முறை படித்தார். ரொலாந்த் தன் பெயரையும், வாரத்தில் நான்கு நாள் நாயோடு நடப்பதையும் எழுதினாள். கிஸ்லேன் வாசலில் நின்று மதுக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவர் பின் ஒருவராக வெளியே வந்தார்கள்; வந்து, அவளுக்குக் கையசைத்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பினார்கள். தேவாலய மணி பன்னிரண்டு அடித்தது. தெலாஜ் அளவுகோலை வைத்துக் கோடு போட்டார்.

பிற்பகல் இரண்டு மணிக்கு நடந்ததை நாடகத்தில் காட்டினால், மிகை என்பீர்கள். பதினொரு பேர் உண்மையிலேயே வந்தார்கள். உதட்டில் குழம்பின் பளபளப்போடு வந்தார்கள். அர்பேன் நான்கு பக்கங்களை உறையிலிட்டுக் கொண்டு வந்தார். ஊர்மன்றத்தின் பூட்டிய கதவைக் குலுக்கினார்கள். "பாத்தீங்களா அரசாங்கத்தோட லட்சணத்தை? மக்கள் வந்து நிக்கிறாங்க, கதவைத் தொறக்க ஆளில்ல!" என்று மார்சியால் முழங்கினான். பதினொரு பேரும் அநீதியை எண்ணிக் கொதித்தார்கள். காப்பி குடிக்கும் நேரம் வந்ததும் கொதிப்பு அடங்கியது.

தெலாஜின் அறிக்கை செப்டம்பரில் வந்தது. சாலைப் பணியாளரின் சாட்சியம் கனமானது என்று எழுதியிருந்தார். ஆனால் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் வாழும் ஊரில் பாதைக்காக எழுதியவர்கள் மூவர் மட்டுமே என்றும் எழுதியிருந்தார். அக்டோபரில் மன்றம் ஆறுக்கு ஐந்து என்ற வாக்குக் கணக்கில் பாதையை விற்றது. கதவு வந்தது. ஃபிர்மேன் வேறு வேலைக்கு, குப்பைக் கிடங்குக்கு மாற்றப்பட்டான். கிஸ்லேன் இப்போது பளபளக்கும் மஞ்சள் மேற்சட்டை அணிந்து லாரிச் சாலையில் ஓடுகிறாள். விருந்தினர்கள் செஸ்ட்நட் மரங்களுக்கிடையே மூச்சுவிடக் கற்றுக்கொள்கிறார்கள்.

ஆனால் விற்பனையை எதிர்த்து நீதிமன்றம் போக இரண்டு மாதம் அவகாசம் உண்டு. இன்று இருபத்து மூன்று நாள் மிச்சம். சாட்சிகள் தம் கையாலேயே எழுத வேண்டும். அடையாள அட்டையின் நகல் வைக்க வேண்டும். சந்தையில் மீன் வண்டிக்கும் பாலாடைக்கட்டி வண்டிக்கும் இடையே கிஸ்லேன் மேசை போட்டிருக்கிறாள். இதுவரை வந்த தாள்கள் பதினாறு. மார்சியால் நேற்று வந்து நின்று, "நான் வாயால சொல்றேன், நீ எழுதிக்கயேன்" என்றான். அவள் பேனாவை அவன் முகத்துக்கு நேரே நீட்டி, "உன் வாயை இந்த ஊர் கேட்டாச்சு. இனி உன் கையைக் காட்டு" என்றாள். அவன் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு உட்கார்ந்தான்.

படித்தவர்களே, நீங்களும் எழுந்திருங்கள்! உங்கள் ஊர் அலுவலகச் சுவரிலும் இந்த வாரம் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கும்: உங்கள் பாதையைப் பற்றி, உங்கள் குளத்தைப் பற்றி, உங்கள் புறம்போக்கைப் பற்றி. போய்ப் படியுங்கள். குறிப்பேட்டைக் கேட்டு வாங்குங்கள். இல்லை என்றால், இல்லை என்று எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் பெயரை உங்கள் கையால் எழுதுங்கள். பக்கத்து வீட்டாரையும் இழுத்துக்கொண்டு போங்கள். சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று நினைக்காதீர்கள். இப்போதே போங்கள்!